இந்த எழுத்தாளக் கதாநாயகன்களுக்கு யார் சோறு போடுவது?

கட்டன்சாயா (மார்த்தாண்டம்)

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் இந்த மாதம் ஒரு விபரீத முடிவு எடுத்தோம். எழுதிப் பிழைக்க முடியாமல் திண்டாடுகிற எழுத்தாளனைப் பற்றிய நாவலாக ஆளுக்கொன்று படித்துவிட்டு வர வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது ஆர்வெல் 1936-ல் எழுதிய ‘கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்’. விலங்குப் பண்ணை எழுதிய அதே ஆர்வெல்தான், ஆனால் இது அதற்கு முன்னால் எழுதியது. ஆஸ்பிடிஸ்ட்ரா என்றால் அந்தக் காலத்து லண்டன் நடுத்தர வீடுகளில் ஜன்னலோரம் வைத்திருக்கும் தொட்டிச்செடியாம். என்ன செய்தாலும் சாகாத செடி.

நாயகன் பெயர் கார்டன் காம்ஸ்டாக். வயது முப்பதை நெருங்குகிறது. விளம்பரக் கம்பெனியில் நல்ல வேலை. பணத்துக்கு அடிமையாக மாட்டேன் என்று அதை உதறிவிட்டு ஒரு புத்தகக் கடையில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறான். ஒரு கவிதைத் தொகுப்பு வந்திருக்கிறது, 153 பிரதி விற்றிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் அவன் பையில் ஐந்தரைப் பென்னி, நாலு சிகரெட். அந்தக் காசிலும் ஒரு மூன்று பென்னி நாணயம் இருக்கிறது, அதைக் கடையில் எடுத்து நீட்டினால் கடைசிக் காசு என்று கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டு அதைச் செலவழிக்காமலே இருக்கிறான். இதுவரை சரி. இந்த இடத்தில் எனக்கு அவனைப் பிடித்தே போயிற்று.

அப்புறம்தான் அக்கா வருகிறாள். ஜூலியா. ஒரு டீக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறவள். இவனைப் படிக்க வைப்பதற்காக அவளைப் படிக்க வைக்காமல் விட்ட குடும்பம். பணத்தை வெறுக்கிற இந்த மகான் அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறான், திருப்பியதில்லை. ஒரு தடவை ஏதோ அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து கவிதைக்கு 50 டாலர் வருகிறது. அதில் பாதி அக்காவுக்கு என்று தனியாக எடுத்து வைக்கிறான். அன்று ராத்திரியே குடித்து, கண்டவர்களுக்கும் வாங்கிக் கொடுத்து, அக்கா பங்கையும் சேர்த்து அழித்து, போலீஸ் லாக்கப்பில் கண் விழிக்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மூடி மூன்று நாள் ஆகிறது. மீதியைப் படிக்க மனசில்லை. என் கேள்வி இதுதான்: இந்த மாதிரி ஆளோடு ஒரு வாசகன் எதற்காக 300 பக்கம் நடக்க வேண்டும்? மொழிநடை, காலகட்டம் என்றெல்லாம் சொல்லாதீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவோம், புத்தகத்தில் மட்டும் ஏன் உட்கார வேண்டும்?

ஒட்டுப்பால்

நாயகன் நல்லவனா இருக்கணும்னா டிவி சீரியல் பாருங்க சாரே. அதுல மாமியார் ஒருத்தி மட்டும்தான் கெட்டவ.

சோகநாசினி (சித்தூர், பாலக்காடு)

ஒட்டுப்பால் சொன்னது கிண்டல்தான், ஆனால் அதற்குள் பாதி நியாயம் இருக்கிறது. பிடிக்கிற ஆளா, பிடிக்காத ஆளா என்பது பக்கத்து வீட்டுக்காரரைத் தேர்வு செய்கிறபோது கேட்க வேண்டியது.

எனக்கு விழுந்த புத்தகம் நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் ‘பசி’. 1890. ஹாம்சனைத் தமிழ் வாசகர்கள் க.நா.சு. மொழிபெயர்த்த ‘நிலவளம்’ வழியாக அறிந்திருப்பார்கள். அந்த மண்வாசனை எதுவும் இதில் கிடையாது. பெயர் சொல்லாத ஒருவன், இன்றைக்கு ஆஸ்லோ என்று சொல்கிற ஊரில், பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கப் பார்க்கிறான், பட்டினி கிடக்கிறான். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அவன் செய்கிற காரியங்களைப் பாருங்கள். பிச்சை கேட்ட கிழவனுக்குக் கொடுக்கக் காசில்லை என்று ஓடிப்போய் தன் மேற்சட்டைக்குள் போடுகிற வெயிஸ்ட்கோட்டை அடகு வைத்துக் காசு கொண்டுவருகிறான். கிழவன் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்க மறுத்தால் அவன்மேல் எரிந்து விழுகிறான். கசாப்புக் கடையில் போய் ‘என் நாய்க்கு ஒரு எலும்பு’ என்று கேட்டு வாங்கி, ஒதுக்குப்புறமாக நின்று அதைக் கடிக்கிறான். நாய் கிடையாது. கடையில் தவறுதலாகக் கூடுதல் சில்லறை கொடுத்துவிடுகிறார்கள், வாங்கிக்கொள்கிறான். பிறகு மானம் உறுத்த, அந்தப் பணத்தைத் தெருவில் பலகாரம் விற்கிற ஒரு பெண்மணியின் கையில் திணித்துவிட்டு ஓடுகிறான். கொஞ்ச நாள் கழித்துப் பசி பொறுக்காமல் அதே பெண்மணியிடம் போய், அன்றைக்குக் கொடுத்த காசுக்குப் பலகாரம் எடு என்று சண்டை பிடிக்கிறான்.

இவனைப் பிடிக்குமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. பொய் சொல்கிறான், பெண்களைப் பின்தொடர்கிறான், கடவுளைத் திட்டுகிறான், யாராவது இரக்கப்பட்டால் அவமானப்படுத்துகிறான். ஆனால் அந்த எலும்பு விஷயம் படித்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவனாக, பரிதாபமாக, கண்ணீர் விட்டுக்கொண்டு ஒருவன் பட்டினி கிடந்திருந்தால் ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். நாய்க்கு என்று சொல்லிக் கேட்கிற அந்தப் பவிசு இருக்கிறதே, அதுதான் தொண்டையில் நின்றது.

ஒட்டுப்பால்

அந்த ஹாம்சன் கடைசியில நாஜிகளுக்குக் கொடி பிடிச்ச ஆளு. 1920-ல வாங்கின நோபல் மெடலை கோயபல்ஸுக்குக் குடுத்துட்டாரு. பாத்திரம் எவ்வளவோ மேல்.

சோகநாசினி

மறுக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் படித்தேன்.

கட்டன்சாயா

சாரே, எலும்புக் கட்டம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். ‘பசி’க்காரன் கெட்டுப் போவது தன் தோலில். அவனுக்கு அம்மா, அக்கா, பெண்டாட்டி யாரும் கதைக்குள் கிடையாது. அவன் விரலை அவனே கடித்துக்கொள்கிறான் என்று நீங்கள் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறது, அவன் விரல், அவன் பல், நமக்கென்ன. கார்டன் அப்படி இல்லை. அவனுடைய லட்சியத்துக்கு இன்னொருத்தி நின்று நின்று கால் வீங்குகிறாள். எனக்கு எரிச்சல் வருவது அவன் கெட்டவன் என்பதற்காக அல்ல, பில்லை அடுத்த மேஜைக்கு அனுப்புகிறான் என்பதற்காக.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போட்டோஸ்டாட், டிடிபி கடை வைத்திருக்கிறேன் என்று இங்கே பலருக்குத் தெரியும். நம்ம பக்கத்துக் கையெழுத்துப் பிரதிகள் பாதி என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. ஒருவர் இருந்தார், 180 பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன், ஆறு மாதம் தினமும் வந்து ஒரு கமாவை எடுப்பார், மறுநாள் வந்து அதே கமாவைப் போடுவார். பிழை திருத்தக் காகிதமே இரண்டு கட்டு போயிற்று. பணம் கேட்டால் இலக்கியத்துக்கு நீ செய்கிற தொண்டு என்பார். அவருடைய நாயகனும் எழுத்தாளன்தான். அவனும் யாருக்கும் காசு கொடுக்க மாட்டான்.

ஏலக்காய் (கம்பம்)

உள்ளே வரலாமா? குமுளி மலை ஏறி இறங்குகிற ஜீப்பில் தினமும் போக வர இரண்டு மணி நேரம், அதில்தான் படிப்பு. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, ஜான் ஃபான்டேயின் ‘ஆஸ்க் தி டஸ்ட்’, 1939. ஆர்துரோ பந்தினி என்று ஒரு பையன், இத்தாலியக் குடும்பம், லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகை அறையில் இருந்துகொண்டு தான் பெரிய எழுத்தாளன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறான். அச்சில் வந்தது ஒரே ஒரு கதை. காபிக் கடையில் வேலை பார்க்கிற கமிலா என்ற மெக்சிகோக்காரப் பெண்ணை அவனுக்குப் பிடித்துவிடுகிறது. பிடித்தவுடன் என்ன செய்கிறான்? அவள் காலில் போட்டிருக்கிற வார்ச்செருப்பைப் பார்த்துக் கேலி செய்கிறான், அவள் இனத்தைச் சொல்லித் திட்டுகிறான். சின்ன வயதில் இத்தாலியன் என்று தன்னைத் திட்டினவர்களிடம் கற்ற வசவை அப்படியே எடுத்து அவள்மேல் வீசுகிறான். இது அவனுக்கே தெரிகிறது, அறைக்கு வந்து அழுகிறான், மறுநாள் போய் திரும்பவும் அதையே செய்கிறான். தோட்டத்துக் கணக்காபீசில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு இது அன்றாடம். நேற்றுவரை கூடை சுமந்தவனை மேஸ்திரி ஆக்கினால் முதலில் யாரைத் திட்டுவான் தெரியுமா, கூடை சுமக்கிறவளை. பந்தினியை எனக்குத் துளியும் பிடிக்காது. ஆனால் அவனை எனக்குத் தெரியும்.

இரண்டு, எல்லோரும் ஆண் எழுத்தாளனையே பேசுகிறீர்கள். 2023-ல் வந்த ‘யெல்லோஃபேஸ்’ படித்தீர்களா? ஆர்.எஃப். குவாங். ஜூன் என்ற பெண், எழுத்தில் எடுபடாதவள், புகழ்பெற்ற தோழி கண்முன்னால் செத்துப்போக, அவளுடைய அச்சாகாத நாவலைத் திருடித் தன் பெயரில் போடுகிறாள். முழுக் கதையையும் அவளே சொல்கிறாள், ஒவ்வொரு பக்கத்திலும் தனக்கு ஒரு சமாதானம் கண்டுபிடிக்கிறாள். என் தோழிகள் இருவர் ‘சீ, இவளை எப்படி 300 பக்கம் தாங்குவது’ என்றார்கள். அதே இருவருக்கும் குடிகாரக் கவிஞன் நாயகனாக இருந்தால் உருகிப்போகும். ஆண் கெட்டால் சோகம், பெண் கெட்டால் எரிச்சல். இந்தக் கணக்கு எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

கட்டன்சாயா

ஏலக்காய், அடி சரியான இடத்தில் விழுகிறது. ஆனால் ஜூன் விஷயத்தில் எனக்கு எரிச்சல் வரவில்லை. கள்ளன் கதை கேட்கிற சுவாரசியம்தான். மாட்டுவாளா மாட்டமாட்டாளா என்று ஓடுகிறது. கார்டன் எதையும் திருடவில்லை என்பதுதான் பிரச்சினையே, கேட்டு வாங்குகிறான்.

சோகநாசினி

நம்மிடமும் இந்த ஆட்கள் இருக்கிறார்கள், லண்டன்வரை போக வேண்டாம். புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ நினைவிருக்கிறதா? சிறுகதைதான், ஆனால் ஒரு நாவலின் கனம். முருகதாசர் என்ற எழுத்தாளர், சென்னையில் விளம்பரம் எழுதிப் பிழைப்பவர், பெரிய நாவல் எழுதப் போவதாக மனக்கோட்டை. பாருங்கள், கார்டன் விட்டு ஓடியதும் விளம்பரம்தான், முருகதாசரைப் பிடித்து வைத்திருப்பதும் விளம்பரம்தான், ஏறக்குறைய ஒரே காலம். வீட்டுக்கு நண்பர்கள் வருகிறார்கள், காப்பிப்பொடி இல்லை. வந்த நண்பரிடமே கடன் கேட்கிற நிலை. ஆனால் நமக்கு முருகதாசர்மேல் கோபம் வருவதில்லை. ஏன் என்று யோசித்தால், மனைவி கமலா அந்தக் கதைக்குள் வாய் திறக்கிறாள். குத்திக் காட்டுகிறாள், சிரிக்கிறாள், அவரை அவருடைய இடத்தில் வைக்கிறாள். கதை முழுக்க அடுப்படிக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கமலா என்பது புதுமைப்பித்தனுடைய மனைவியின் பெயரும்கூட. அவர்கள் திருவனந்தபுரத்துக்காரர். சினிமாவுக்கு எழுதப் புனே போய், காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று புதுமைப்பித்தன் கண்ணை மூடியதும் அந்த ஊரில்தான். வயது 42.

மலையாளத்தில் பஷீரின் ‘ஜன்மதினம்’. எழுத்தாளனுக்குப் பிறந்தநாள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பாடு கிடைக்கவில்லை. ராத்திரி பக்கத்து அறைக்காரர்களின் சமையல் அறைக்குள் நுழைந்து அவர்களுடைய சோற்றைத் திருடிச் சாப்பிடுகிறான். திருட்டுதான், நம்பிக்கை துரோகம்தான். ஆனால் அதை அவன் ஒளிக்கிற அழகைப் படித்தால் சிரிப்பும் வரும், வேறு என்னவோவும் வரும்.

ஒட்டுப்பால்

‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவல்ல வர்ற ஜே.ஜே.யை விட்டுட்டீங்களே. நாகர்கோவில்காரனுக எல்லாம் தலையில தூக்கி வச்சு ஆடுற ஜே.ஜே. அவன் மட்டும் என்ன யோக்கியன்? எல்லாரையும் மட்டம் தட்டுவான், ஒருத்தனோடயும் ஒட்ட மாட்டான், தமிழ் எழுத்தாளன் ஒருத்தன் ஆசையா கைகுடுக்க வந்தா ‘சிவகாமி அம்மாள் சபதம் நிறைவேறிச்சா’ன்னு கேட்டு மூக்கை உடைப்பான். எனக்கு அந்தப் புத்தகத்துல பிடிச்ச ஆளே கதை சொல்ற பாலுதான். அடி வாங்கிட்டும் போற பய.

கட்டன்சாயா

அதுதான் விஷயமே, மக்கா! 1981-ல் சுந்தர ராமசாமி செய்த தந்திரம் அதுதான். ஜே.ஜே.யை ஜே.ஜே. மட்டுமே சொல்லியிருந்தால் பத்துப் பக்கத்தில் நாம் ஓடியிருப்போம். ஒரு மலையாள எழுத்தாளன், 1960 ஜனவரியில் 39 வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள் செத்தவன், அவனைத் தேடி நம்ம பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் கேரளமெல்லாம் அலைகிறான். பாலுவின் ஆசைக் கண் வழியாகப் பார்க்கும்போது நமக்கும் ஆசை வருகிறது, மூக்குடைபடும்போது நமக்கும் வலிக்கிறது. ஜே.ஜே. பக்கத்திலேயே ஒரு பாலுவை நிறுத்தியிருக்கிறார். கார்டன் பக்கத்தில் ஆர்வெல் யாரை நிறுத்தினார்? ரோஸ்மேரி என்று ஒரு காதலி உண்டு, நல்லவள்தான், ஆனால் கதை அநேகமாக கார்டன் மண்டையை விட்டு வெளியே போகாது. அக்கா வீட்டுக்குப் போனால்கூட அக்கா என்ன நினைத்தாள் என்று அரைப் பக்கம்தான்.

சோகநாசினி

நகுலனின் நவீனனையும் இங்கே சேர்க்கலாம். ‘நினைவுப்பாதை’, 1972. அவன் யாரிடமும் கடன் வாங்குவதில்லை. நகுலனே திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆங்கில ஆசிரியர், மாதச் சம்பளக்காரர். நவீனன் எரிச்சலூட்டுவது வேறு வகை: எதிரே இருக்கிற மனிதரை விட்டுவிட்டுத் தன் நினைவுக்குள் நழுவிக்கொண்டே இருப்பான். சுசீலா என்ற பெயர் வரும், ஆள் வரமாட்டாள். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். என் மனைவிக்கு அறவே பிடிக்காது. நவீனனைப் பற்றி அவள் சொன்ன காரணம், என்னைப் பற்றியும் சொல்கிற காரணம்தான் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

ஒட்டுப்பால்

சாரு வீட்டுல மாட்டிக்கிட்டாரு. கட்டன்சாயா அண்ணே, ஒண்ணு கேக்கணும். அக்கா காசு, அக்கா காசுன்னு மூணு தடவை எழுதிட்டீங்க. கடையில அந்தப் பெரிய பிரிண்டர் யாரு வாங்கித் தந்தது? குவைத்தில இருந்து வந்ததுன்னு நம்ம ஆளுக சொல்றானுக.

கட்டன்சாயா

டேய்.

சரி, கேட்டுவிட்டாய். பிரிண்டர் மட்டுமல்ல, கம்ப்யூட்டர், கடை அட்வான்ஸ் எல்லாம் அக்கா காசுதான். அக்கா நர்ஸ். 19 வருஷமாக வெளிநாட்டில். கடை போடக் காசு அனுப்பினபோது என்ன சொன்னாள் தெரியுமா, ‘கடையும் பாத்துக்கோ, ஒன் கதையும் எழுதிக்கோ’. கதை 2014-ல் 62-ஆவது பக்கத்தில் நிற்கிறது. அந்தக் கோப்பை வருஷத்துக்கு இரண்டு தடவை திறந்து எழுத்துரு மாற்றுவேன். அதிலும் நாயகன் எழுத்தாளன்தான். அக்கா கிடையாது. யோசித்துப் பார்த்தால் அக்காவை நான் எழுதவே இல்லை. தனிப்பிள்ளையாக வைத்திருக்கிறேன், வசதியாக.

அந்த 50 டாலர் இடத்தில் புத்தகத்தை மூடியதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். போன ஓணத்துக்கு அக்கா ஒரு தொகை அனுப்பினாள். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

ஒட்டுப்பால்

அண்ணே, விளையாட்டுக்குக் கேட்டேன். மன்னிச்சுக்கோங்க.

ஏலக்காய்

அண்ணா, மீதியைப் படியுங்கள். கார்டன் கடைசியில் ரோஸ்மேரியைக் கல்யாணம் செய்துகொண்டு அதே விளம்பரக் கம்பெனிக்குத் திரும்பிப் போகிறான், எழுதிய கவிதைகளைச் சாக்கடையில் போடுகிறான், அந்தத் தொட்டிச்செடி ஒன்று வாங்கி வீட்டில் வைக்கிறான். தோல்வியா, நிம்மதியா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆர்வெல்லுக்கே இந்த நாவல் பிற்பாடு பிடிக்காமல் போய், மறுபதிப்புப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் நீங்கள் மூடியதில் தப்பில்லை, எழுதியவரே மூடிவிட்டார்.

இன்னொன்று, கிஸ்ஸிங்கின் ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’, 1891. அதில் ரியர்டன் என்று ஒரு நாவலாசிரியன், எழுத்து வறண்டுபோய் உட்கார்ந்திருக்கிறான், மனைவி ஏமி அவனை விட்டுப் போய்விடுகிறாள். முதல் தடவை படித்தபோது ஏமியைத் திட்டினேன். இரண்டாம் தடவை, எனக்குக் கல்யாணமாகி, படித்தபோது ஏமி பேசுகிற ஒவ்வொரு வரியும் நியாயமாகப்பட்டது. புத்தகம் மாறவில்லை.

பரணில்பெட்டி (அருமனை)

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதினதில்லை. இதற்கு எழுத வேண்டும்போல இருக்கிறது.

என் அப்பா நாவலாசிரியர். ஒரே நாவல், 1991. யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்களுக்கு அறுபது மூடு ரப்பர் மரம். விடிவதற்குள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவது அம்மா. சிரட்டை சிரட்டையாக எடுத்து, ஊற்றி, உறைய வைத்து, மெஷினில் அடித்து, ஷீட்டை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவதும் அம்மா. அந்த வாடை எங்கள் சட்டையிலும் புத்தகத்திலும் தலைமுடியிலும் இருக்கும், பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தள்ளி உட்காருவார்கள். அப்பா திண்ணையில் நீள நோட்டு வைத்து எழுதுவார். பகலில் அவர் எழுதும்போது நாங்கள் முற்றத்தில் சத்தம் போடக் கூடாது.

ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டு இல்லை. அதற்கு முன்னால் சேர்த்து வைத்த ஷீட்டை விற்றுத்தான் புத்தகம் போட்டார். அச்சகத்தின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. 500 பிரதி கட்டுக்கட்டாக ஜீப்பில் வந்து இறங்கிற்று. ஊரே வந்து பார்த்தது. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் அப்பா ஒன்றைப் பிரித்துப் படித்துக்கொண்டு வந்தவர் 112-ஆம் பக்கம் முடிந்து அடுத்ததைத் திருப்பினால் மறுபடி 97. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம்; ஏழாவது பாரம் இரண்டு தடவை, எட்டாவது பாரம் இல்லவே இல்லை. 500-லும். அச்சகத்தில் கேட்டதற்கு, எட்டாவது பாரத்தைத் திரும்ப ஓட்டிக் கட்ட இன்னொரு தடவை காசு கேட்டார்கள். ஷீட் இல்லை. பெட்டிகளைப் பரணில் ஏற்றினார். அதற்கப்புறம் எழுதவில்லை. 2006-ல் போய்விட்டார். பெட்டிகள் இன்னும் இருக்கின்றன, கரையான் இரண்டு பெட்டியைத் தின்றது, மற்றது நன்றாகவே இருக்கிறது. பாத்துமாவின் ஆடு பஷீரின் புத்தகங்களைத் தின்றது என்று படித்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தோம், அம்மா மட்டும் ‘ஆடாவது வயிறு நெறஞ்சிச்சே’ என்றாள்.

அந்த நாவலின் நாயகனும் எழுத்தாளன். மலையோர ஊர், மழை, அவன், அவன் மேதைமை. கல்லூரி படிக்கும்போது பென்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அம்மா வருகிறாளா என்று தேடினேன். மூன்று இடத்தில் வருகிறாள். மூன்றிலும் சாயா கொண்டுவந்து வைக்கிறாள். ஒரு இடத்தில் ஆறிப்போய்விடுகிறது.

கட்டன்சாயா அண்ணன் எழுதினதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு அந்த நாயகனைப் பிடிக்காது. அப்பாவைப் பிடிக்கும். இரண்டையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சோகநாசினி

அம்மா, இதற்கு நான் என்ன எழுதினாலும் அதிகப்பிரசங்கமாகப் போய்விடும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். 113 முதல் 128 வரை அச்சில் இல்லை. கையெழுத்துப் பிரதி இருக்கிறதா?

பரணில்பெட்டி

நீள நோட்டுகள் ஏதோ கொஞ்சம் பெட்டியோடு கிடக்கின்றன. திறந்து பார்த்ததில்லை.

ஒட்டுப்பால்

அக்கா, இந்த சனிக்கிழமை பரணில ஏறுங்க. ஏணி பிடிக்க ஆள் வேணும்னா நான் குலசேகரத்துலதான் இருக்கேன், அரை மணி நேரத்துல வந்துருவேன்.

ஏலக்காய்

ஒட்டுப்பாலுக்குக் கேலி பண்ணாத முகமும் இருக்கிறதா!

கட்டன்சாயா

இடையில் ஒரு தகவல். நேற்று ராத்திரி மீதியைப் படித்து முடித்தேன். ஆர்வெல்மேல் நான் சொன்ன ஒரு குற்றத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கதை கார்டன் மண்டையை விட்டு வெளியே போகாது என்றேன். அநேகமாகப் போகாதுதான், ஆனால் லாக்கப்புக்கு அப்புறம் ஆர்வெல் அவனுக்கு ஒரு சாக்கும் கொடுப்பதில்லை. இன்னும் மட்டமான வேலை, மூட்டைப்பூச்சி அறை என்று கீழே கீழே இறக்குகிறார். அவன் அதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்கிறான், நமக்கு அது வெறும் வீம்பு என்று தெரிகிறது. நாவலாசிரியர் நம்ம பக்கம்தான் நிற்கிறார். சில சமயம் அவர் நிற்கிற இடம் அவருக்கே தெரியவில்லை, கார்டனோடு சேர்ந்து இரண்டு பக்கம் பணத்தைத் திட்டிவிட்டு அப்புறம்தான் சுதாரிக்கிறார். ஹாம்சன் ஒரு இடத்திலும் அப்படித் தடுமாறவில்லை என்று சோகநாசினி சார் சொல்வார், சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்த 50 டாலர் ராத்திரி எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அக்காவுக்குப் போன் பண்ணினேன், வேறு விஷயமாக. என்னடா திடீரென்று என்றாள்.

பரணில்பெட்டி

சனிக்கிழமை ஏறினோம். ஏணி பிடித்தவருக்கு நன்றி. மொத்தம் ஏழு நோட்டு. நாலாவது நோட்டில் இருக்கிறது, 112-ஆம் பக்கத்தின் கடைசி வரி நோட்டின் நடுவில் வருகிறது, அங்கிருந்து 31 பக்கம் எழுத்து.

அந்த 31 பக்கத்திலும் அவன் பேசவில்லை. அவன் ராத்திரி நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறான், மனைவி விளக்கடியில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், அவன் உள்ளே போகாமல் கதவுக்கு வெளியே நிற்கிறான். அவள் வாய்விட்டுக் கணக்குப் படிக்கிறாள். இந்த மாதம் அடித்த ஷீட் 46, கொடுத்தது 31, மீதி 15 எங்கே. மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டின ஒட்டுப்பால் இத்தனை கிலோ. சிரட்டைக்கு இவ்வளவு. சின்னவளுக்கு மருந்து. அப்படியே பக்கம் பக்கமாக. அவன் மழையில் நின்று கேட்கிறான். கடைசிவரை உள்ளே போகவில்லை.

அம்மாவுக்கு இப்போது 78. படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் அழவில்லை. 46-ஓ 48-ஓ என்று என்னை நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னாள். 46தான் என்றேன். ‘ஆங், சரிதான். நான் சொன்ன கணக்குத்தான் அது. வெளிய நின்னாரா? எனக்குத் தெரியாதே’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘அந்தப் பதினஞ்சு ஷீட் எங்க போச்சுன்னு எழுதியிருக்காரா?’ என்று கேட்டாள்.

எழுதவில்லை. 31 பக்கமும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கட்டன்சாயா

ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டு வாருங்கள். தட்டச்சு செய்து 16 பக்கமாகவே கட்டிவிடலாம், அதே அளவு, அதே தாள் கிடைக்குமா என்று பார்க்கிறேன். பிரதிகளில் இடையே சொருகிக்கொள்ளலாம். காசு வேண்டாம். தொண்டு என்று சொல்ல மாட்டேன், அந்த வார்த்தை எனக்கு ஆகாது.

பரணில்பெட்டி

காசு வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா, அம்மா கொடுக்கச் சொன்னாள், எவ்வளவு என்று கேட்டு எழுதி வைக்கவும் சொன்னாள். இன்னொரு சந்தேகம். அப்பா தாளின் இரண்டு பக்கமும் மை பேனாவால் எழுதியிருக்கிறார், ஒரு பக்கத்து மை மறுபக்கம் ஊறியிருக்கிறது. போட்டோஸ்டாட்டில் தெளிவாக விழுமா, இல்லை நோட்டையே அங்கே விட்டுவிட்டு வர வேண்டுமா?

கட்டன்சாயா

விழாது. பின்னால் கறுப்புத் தாள் வைத்து எடுத்தால் கொஞ்சம் தேவலை. ஆனாலும் நோட்டைக் கடையில் விட வேண்டாம், கடை ஒழுகுகிறது. நீங்கள் வாசியுங்கள், நான் அடித்துக்கொள்கிறேன்.